மீன் வாங்கும் முன்: நவச்சாரம் போட்டுப் புதுத் தொட்டியை சைக்கிள் செய்வது எப்படி

சென்னையின் வண்ணமீன் சந்தையான கொளத்தூருக்குப் போய் தொட்டி, மோட்டார், கல், மீன் எல்லாவற்றையும் ஒன்றாக வாங்கி வந்து அன்றைக்கே செட் செய்தால், சில நாளிலேயே மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். தண்ணீர் என்னவோ பளிங்கு மாதிரிதான் இருக்கும். மீனின் செவுளிலிருந்தும் மிச்சத் தீனியிலிருந்தும் வரும் அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது. அதை நைட்ரைட்டாக மாற்ற ஒரு கூட்டம் பாக்டீரியா, அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்ற இன்னொரு கூட்டம் பாக்டீரியா, இரண்டும் ஃபில்டரில் குடியேற 4 முதல் 6 வாரம் ஆகும். அதுவரை மீனை வதைக்காமல், அம்மோனியாவை நாமே ஊற்றி அவற்றை வளர்த்துவிடலாம். இதைத்தான் தொட்டியை சைக்கிள் செய்வது என்கிறார்கள்.

கீழே உள்ள அளவெல்லாம் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டிக்கு. கல்லும் மேல் இடைவெளியும் போக அதில் சுமார் 50 லிட்டர் தண்ணீர் நிற்கும்.

என்னென்ன வேண்டும்

ஏர் பம்ப், ஸ்பாஞ்ச் ஃபில்டர். பாக்டீரியா ஒட்டி வாழ இதைவிட மலிவான, நம்பகமான வீடு இல்லை. டாப் ஃபில்டரின் வெள்ளைப் பஞ்சு அடிக்கடி அடைத்துக்கொள்ளும். அதைத் தூக்கிப் போடும்போது பாக்டீரியாவும் போய்விடும்.

சொட்டு மருந்து வகை டெஸ்ட் கிட். ஸ்ட்ரிப் வேண்டாம், பலவற்றில் அம்மோனியா பட்டையே இருக்காது. ஏபிஐ என்ற பிராண்டு கிட் என்றால் நைட்ரேட்டின் 2ஆம் பாட்டிலை 30 விநாடி பலமாகக் குலுக்குங்கள். சொட்டு விட்டபின் குழாயை 1 நிமிடம் குலுக்கி, 5 நிமிடம் கழித்துப் பாருங்கள். குலுக்காவிட்டால் இருக்கும் நைட்ரேட்டும் குறைவாகவே தெரியும்.

அம்மோனியம் குளோரைடு, அதாவது நவச்சாரம். பாத்திரத்துக்கு ஈயம் பூசுபவர்கள் வைத்திருக்கும் அதே உப்புதான். ஆனால் லேப் கெமிக்கல் கடையில் சுத்தமானதாக வாங்குங்கள்.

தண்ணீர்

மெட்ரோ தண்ணீரிலும் லாரித் தண்ணீரிலும் குளோரின் இருக்கும். திறந்த வாளியில் ஏர் ஸ்டோன் போட்டு 24 மணி நேரம் விடுங்கள், அல்லது மீன் கடையில் ஆன்டி குளோரின் என்று விற்கும் ஹைப்போ படிகத்தை 50 லிட்டருக்கு 1 கிராம் போடுங்கள். போர் தண்ணீர் என்றால் முதலில் அதன் நைட்ரேட்டைப் பார்த்துக் குறித்துக்கொள்ளுங்கள். மண்ணிலிருந்தே நைட்ரேட் வரும் ஊர்கள் உண்டு. தெரியாமல் விட்டால், முதல் நாளே சைக்கிள் முடிந்துவிட்டது என்று ஏமாறுவீர்கள்.

ஊற்றுவது

10 கிராம் நவச்சாரத்தை 500 மி.லி. தண்ணீரில் கரையுங்கள். ஊசி இல்லாத சிரிஞ்சில் 15 மி.லி. எடுத்துத் தொட்டியில் விட்டால் அம்மோனியா 2 பிபிஎம் (லிட்டருக்கு 2 மில்லிகிராம்) வரும். அரை மணி கழித்து அளந்து பாருங்கள். 4 பிபிஎம்முக்கு மேல் போக வேண்டாம், பாக்டீரியாவே திணறும்.

ஏற்கெனவே நன்றாக ஓடும் தொட்டியின் பழைய ஸ்பாஞ்ச் ஒரு துண்டு கிடைத்தால் உள்ளே போடுங்கள், காத்திருப்பு பாதியாகக் குறையலாம். பழைய தொட்டித் தண்ணீரை மட்டும் ஊற்றிப் பயனில்லை. பாக்டீரியா பெரும்பாலும் பரப்பில் ஒட்டித்தான் வாழும்.

எல்லோரும் மாட்டிக்கொள்ளும் இடம்

சில நாளில் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும். 1 பிபிஎம் அம்மோனியா சுமார் 2.5 பிபிஎம் நைட்ரைட்டாகும். எனவே 15 மி.லி. வீதம் இரண்டு முறை ஊற்றினாலே கிட்டின் வண்ண அட்டையைத் தாண்டிவிடும். அதற்குப்பின் ஊதா ஊதாவாகவே நிற்கும், ஏறுகிறதா இறங்குகிறதா தெரியாது. 1 மி.லி. தொட்டித் தண்ணீரோடு 4 மி.லி. ஆர்ஓ தண்ணீர் கலந்து சோதித்து, வந்ததை 5ஆல் பெருக்குங்கள். நைட்ரைட் இறங்கும்வரை மூன்று நாளுக்கு ஒருமுறை 7 மி.லி. போதும். இந்தக் கட்டத்தில் நைட்ரேட் அளவை நம்பாதீர்கள். அந்தச் சோதனை நைட்ரைட்டையும் சேர்த்தே காட்டும்.

அதோடு, பாக்டீரியா அம்மோனியாவைத் தின்னும்போது தண்ணீரின் காரத்தன்மையும் கரையும். அதை அளக்கும் கணக்குதான் கேஎச்; 2 பிபிஎம் அம்மோனியாவுக்குச் சுமார் 0.6 டிகிரி கேஎச் போய்விடும். போர் தண்ணீர் இதைத் தாங்கும். முழுக்க ஆர்ஓ தண்ணீர் ஊற்றியவர்களுக்கு இரண்டு மூன்று டோஸிலேயே கேஎச் தீர்ந்து, பிஎச் 6க்குச் சரிந்து, பாக்டீரியா வேலையை நிறுத்திவிடும். அளவுகள் நாள்கணக்கில் அசையாமல் நின்றால் வேறு எதையும் வாங்கிக் கொட்டாமல் முதலில் பிஎச் பாருங்கள். 6.5க்குக் கீழே என்றால் 3 கிராம் சமையல் சோடாவை ஒரு டம்ளர் தண்ணீரில் கரைத்து ஊற்றுங்கள், கேஎச் 2 டிகிரி ஏறும். பேக்கிங் பவுடர் கூடாது, அதில் அமிலமும் மாவும் உண்டு. ஆர்ஓவோடு போர் தண்ணீரைப் பாதிக்குப் பாதி கலந்திருந்தால் பெரும்பாலும் இந்தத் தொல்லையே வராது.

முடிந்ததா?

இரவு 15 மி.லி. ஊற்றுங்கள். மறுநாள் இரவு அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் 0 வர வேண்டும். தொடர்ந்து இரண்டு நாள் இப்படி வந்தால் 80 சதவீதம் தண்ணீர் மாற்றி, அன்றோ மறுநாளோ ஆறு கப்பி மீனில் தொடங்குங்கள். மீன் வரத் தாமதமானால் டோஸை நிறுத்தாதீர்கள், பட்டினியில் பாக்டீரியா குறைந்துவிடும்.

பிறகு வாரம் 25 சதவீதம் தண்ணீர் மாற்றம். ஸ்பாஞ்சை, வெளியே எடுத்த அந்தத் தொட்டித் தண்ணீரிலேயே பிழியுங்கள். குளோரின் உள்ள குழாய்த் தண்ணீரில் அலசினால் வளர்த்ததெல்லாம் வீண். மணி பிளான்ட் வேரைத் தொட்டிக்குள் விட்டால் நைட்ரேட்டை இழுக்கும்.

பிற்சேர்க்கை: அதிகம் வந்த இரண்டு கேள்விகள்

"ஏற்கெனவே மீன் விட்டுவிட்டேன்." நவச்சாரம் போடாதீர்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் கொஞ்சம் தீனி, தினமும் 30 முதல் 50 சதவீதம் தண்ணீர் மாற்றம். 50 லிட்டருக்கு 5 கிராம் கல் உப்பு போட்டால் அதன் குளோரைடு, நைட்ரைட் செவுள் வழியே உள்ளே போவதைக் குறைக்கும். பிறகு மாற்றும் தண்ணீருக்கு மட்டும் அதே கணக்கில் உப்பு. போர் தண்ணீர்க்காரர்கள் கூடுதல் கவனமாக இருங்கள்: 30 டிகிரி வெப்பத்தில் பிஎச் 8 என்றால் அம்மோனியாவில் சுமார் 7 சதவீதம் நச்சு வடிவில் இருக்கும், பிஎச் 7ல் அது 1 சதவீதத்துக்கும் குறைவு.

"கரண்ட் போனால்?" ஸ்பாஞ்ச் தொட்டித் தண்ணீரிலேயே இருப்பதால் சில மணி நேரம் தாங்கும்; பவர் பேங்கில் ஓடும் சிறிய யுஎஸ்பி பம்ப் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். மூடிய கேனிஸ்டர் ஃபில்டர் பல மணி நேரம் நின்றிருந்தால், உள்ளே கெட்டுப்போன தண்ணீரை முதலில் கீழே கொட்டிவிட்டு, அப்புறம் ஸ்விட்ச் போடுங்கள்.