மொட் கட்டைகளுக்கு நல்லூர் மதிலின் நிறம்: பைதன் ஸ்கிரிப்ட் வழி

மைன்கிராஃப்ட் விளையாட்டின் ஜாவா பதிப்புக்கான மொட் (விளையாட்டில் புதியவற்றைச் சேர்க்கும் துணைநிரல்) ஒன்றிலுள்ள கட்டைக்கு நல்லூர்க் கந்தசுவாமி கோயில் மதிலின் சிவப்பு, வெள்ளைப் பட்டைகளைப் பூச விரும்புவோர், மொட்டின் ஜார் கோப்பில் நேரடியாகக் கைவைக்க வேண்டாம். ஜார் என்பதும் ஒரு சிப் கோப்புத்தான். அதன் பிரதியொன்றைத் திறந்து, அசெட்ஸ் கோப்புறையினுள் மொட்டின் பெயருக்குக் கீழே இருக்கும் படங்களின் பாதைகளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதே பாதையிலும் பெயரிலும் நமது படத்தை ஒரு ரிசோர்ஸ் பேக்கில் (விளையாட்டின் படங்களை மாற்றும் கோப்புத் தொகுப்பில்) வைத்தால், விளையாட்டு நம்முடையதையே எடுத்துக்கொள்ளும்.

பைதனில் படங்களைக் கையாளும் பில்லோ நூலகத்தைக் கொண்டு எழுதும் ஸ்கிரிப்ட், ஒவ்வொரு படத்தையும் 16×16 புள்ளிகளாக்கி, பிஎன்ஜி கோப்பாக உரிய பாதையில் சேமிக்க வேண்டும். மதிலின் புகைப்படத்தை மென்மையாக்கிச் சுருக்கியபோது எனக்குப் பட்டைகள் கலந்து இளஞ்சிவப்பாகிவிட்டன. ஆகவே, பட்டைகளை ஸ்கிரிப்டே வரையட்டும். பட்டைக்கு 4 புள்ளி அகலம் கொடுத்தால் சிவப்பில் தொடங்கி வெள்ளையில் முடியும். பக்கத்துக் கட்டையோடு மதில் பிசிறின்றித் தொடரும். 5 புள்ளி கொடுத்தால் ஓரத்தில் ஒற்றைப் புள்ளி மிஞ்சி, பொருத்து கோணலாகத் தெரியும்.

கோப்புப் பெயர்கள் ஆங்கிலச் சிற்றெழுத்திலேயே இருக்கட்டும். பேக்கின் விவரங்களைக் கொண்ட பேக்.எம்சிமெட்டா (pack.mcmeta) கோப்பு, ரிசோர்ஸ் பேக் சிப்பின் மேல்மட்டத்தில் இருப்பது கட்டாயம். உள் கோப்புறைக்குள் போனால் பேக் பட்டியலிலேயே தோன்றாது. எஃப்3 விசையை அழுத்தியபடி டி (T) விசையைத் தட்டினால் படங்கள் மீளேற்றப்படும். பழைய படமே தெரிந்தால் முதலில் பாதையைச் சரிபாருங்கள்.