பெங்களூர்ல பழைய ஜப்பான் வாள் பாக்க ஒரு கூட்டம் போடணும்னா

ஆறு பேர் போதுங்க, அதுக்கு மேல போனா ஒவ்வொருத்தர் கைக்கும் பொருள் போய் நிதானமா பாக்க நேரம் இருக்காது. ஹால் வாடகை எல்லாம் வேண்டாம், அல்சூரோ ஃப்ரேசர் டவுனோ வாள் யார்கிட்ட இருக்கோ அவர் வீட்டுலயே கூடுங்க, ஏன்னா 9 இன்ச்சுக்கு மேல நீளமான வாள் கத்தி எல்லாம் 1959 ஆயுதச் சட்டத்துக்குள்ள வர்ற விஷயம், கார்ல போட்டு ஊர் சுத்தக்கூடாது, 100 வருஷம் தாண்டின பொருளுக்கு 1972 தொல்பொருள் சட்டமும் இருக்கு, தெரிஞ்ச வக்கீல்கிட்ட முதல்லயே பேசிடுங்க.

வாளே இல்லையா, ட்சுபா மட்டும் வெச்சு ஆரம்பிங்க. கைப்பிடிக்கும் பிளேடுக்கும் நடுவுல வர்ற தட்டுதான் அது, உள்ளங்கையில அடங்கும், அதுலயே ஒரு நாள் பூரா பாக்க விஷயம் இருக்கு. இரும்பு ட்சுபான்னா துருவோட நிறம், வெட்டின ஓட்டையோட ஓரம், நடு ஓட்டையை சுத்தி உளி பட்ட தடம் இதெல்லாம் பாருங்க, நிஜமாவே வாள்ல மாட்டி இருந்ததான்னு யோசிக்க அந்த தடம் உதவும். ஷகுடோன்னு ஒண்ணு இருக்கு, செம்புல கொஞ்சூண்டு தங்கம் கலந்து கருநீலமா மின்னும், அந்த கறுப்பை அழுக்குன்னு நெனச்சு பித்தளை குத்துவிளக்கு மாதிரி புளி போட்டு தேய்ச்சுட்டா அவ்வளவுதான், அந்த மேல்பூச்சுதான் வேலைப்பாடே. தயவுசெஞ்சு வீட்டு பெரியவங்க கண்ணுல படாம வையுங்க.

லைட்டுதான் ரொம்ப முக்கியம், இதை நிறைய பேர் கண்டுக்கறதில்ல. டியூப்லைட்டை அணைச்சுடுங்க, ஸ்க்ரீன் போட்டு ரூமை இருட்டாக்கி, கம்பி தெரியற பழைய குண்டு பல்பு ஒண்ணே ஒண்ணு மட்டும் எரியட்டும், எஸ்.பி. ரோட்டுல தேடிப் பாருங்க. வாளோட முனையை பல்பு பக்கமா நீட்டி மெதுவா சாய்ச்சா கூர் ஓரமா வெள்ளையா மேகம் மாதிரி ஒரு கோடு தெரியும், அதான் ஹமோன். கூர் பக்கம் களிமண்ணை மெலிசா, முதுகுப் பக்கம் கனமா பூசி காய்ச்சி தண்ணியில முக்கறப்ப ரெண்டும் வேற வேற வேகத்துல ஆறுறதால வர்றது அது, ஆசிட்டால வரைஞ்ச போலி கோட்டுல இந்த ஆழம் இருக்காது.

இப்ப கான்தெய், அதாவது பேரைப் பாக்காம வாளை மட்டும் பாத்து யார் அடிச்சதுன்னு கணிக்கறது, கூட்டத்தோட உயிரே இதுதான். கைப்பிடியை கழட்டினதும் உள்ள இருக்கற நகாகோவை, அதாவது வால் பகுதியை, துணி சுத்தி மறைச்சுடுங்க, பேர் வெட்டியிருக்கறது அங்கதான். வளைவு, நீளம், அகலம் முதல்ல, அப்புறம் இரும்போட ரேகை, அப்புறம் ஹமோன், கடைசியா முனை, இப்படி வரிசையா பாத்துட்டு எந்த காலம், எந்த ஊர், எந்த கொல்லன்னு ஆளுக்கு ஒரு சீட்டுல எழுதிக் கொடுக்கணும். 14-ஆம் நூற்றாண்டுல ரொம்ப நீளமா அகலமா அடிச்ச வாளுங்க இருக்கு, அதுல நிறைய பின்னால வெட்டி குறைச்சதுல பேரே போயிடுச்சு, 1660கள்ல வந்ததுல வளைவு கம்மி, அதனால வடிவமே பாதி கதை சொல்லிடும். பேரை முதல்ல பாத்துட்டா கண்ணு வேலை செய்றதை நிறுத்திடும், அதுவும் கொதெட்ஸுங்கற கொல்லன் மாதிரி பெரிய பேர்னா போலிக் கையெழுத்து ஏகப்பட்டது. துணியை எடுத்தப்புறமும் நகாகோ துருவுல கை வெக்காதீங்க, சுத்தம் பண்ணவும் கூடாது, வயசுக்கு பெரிய சாட்சி அதுதான்.

மோதிரம், வாட்ச் கழட்டிட்டு உக்காரச் சொல்லுங்க. வாளுக்கு மேல குனிஞ்சு பேசக்கூடாது, எச்சில் பட்டா துரு பிடிக்கும், இரும்புல விரல் படக்கூடாது, கைக்கு கை மாத்தாம மெத்தை மேல வெச்சுத்தான் அடுத்தவர் எடுக்கணும். விலை பேச்சு எடுக்கறவரை அன்பா நிறுத்திடுங்க, ஒரு தடவை ஆரம்பிச்சா வாளை யாரும் பாக்கமாட்டாங்க.

காபி, பஜ்ஜி எல்லாம் பக்கத்து ரூம்ல, அதுவும் வாளை மெல்லிசான துணியால துடைச்சு மினரல் ஆயில் லேசா தடவி உறையில போட்டப்புறம்தான். நாட்டு மருந்து கடை கிராம்பு எண்ணெயை அப்படியே பூசாதீங்க, ஜப்பான்ல கிராம்பு வாசனையோட விக்கறதும் பெரும்பாலும் மினரல் ஆயில்தான். ஜூன்ல இருந்து இங்க மழை ஈரம் ஜாஸ்தி, அந்த மாசங்கள்ல கூட்டம் இல்லைன்னாலும் எடுத்து எண்ணெய் பாத்துடுங்க.