வியாழக்கிழமை வாசிப்பு: ஜெப ஆலயத்தைப் பார்த்து ஒரு தெருக் கூட்டம் அமைப்பது எப்படி

நம் பக்கத்துச் சபைகளில் வேதபாடத்துக்கு ஒரு செயலாளர் இருப்பார், ஏழைகள் நிதிக்கு வேறொரு செயலாளர் இருப்பார். இரண்டு பேருக்கும் பெரும்பாலும் பேச்சுவார்த்தை இருக்காது. யூதர்களின் ஜெப ஆலயத்தில் படிப்பும் உதவியும் ஒரே ஆட்கள் கையில் இருக்கின்றன. படிக்க வந்த இடத்திலேயே யார் வீட்டில் என்ன கஷ்டம் என்று தெரிந்துவிடும். பாளையங்கோட்டையில் எங்கள் தெருவில் வியாழன்தோறும் நடக்கும் வேத வாசிப்பை அந்த முறையைப் பார்த்துத்தான் அமைத்தேன். நீங்களும் வைக்க விரும்பினால் எப்படித் தொடங்குவது என்று சொல்கிறேன். கணக்கு டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கொஞ்சம் கண்டிப்பு இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதல் கண்டிப்பு: தொப்பி, சால்வை, எபிரெயப் பாட்டு எதுவும் வேண்டாம். அது அவர்களுடைய வழிபாடு. நாம் வேஷம் கட்டினால் மரியாதையாக இருக்காது. படிக்கிற முறையையும் ஆளை விசாரிக்கிற முறையையும் மட்டும் எடுத்துக்கொள்வோம். யூதர்கள் நமக்கு ரொம்பத் தூரத்து ஆட்களும் இல்லை. புன்னைக்காயலில் இருந்துகொண்டு தமிழை அச்சில் ஏற்றிய அண்டிரிக் அடிகளார் யூத வம்சத்தில் வந்த போர்த்துக்கீசியர்தான்.

நாளை எப்படித் தேர்ந்தெடுப்பது? தோரா என்று அவர்கள் சொல்வது நம் வேதாகமத்தின் முதல் ஐந்து ஆகமங்களை. அதைச் சனிக்கிழமையோடு திங்களும் வியாழனும்கூடச் சபையில் வாசிக்கிறார்கள். அந்தக் காலத்தில் திங்களும் வியாழனும் சந்தை நாள்கள். கிராமத்தார் எப்படியும் பட்டணத்துக்கு வருவார்கள். ஆகவே உங்கள் ஊரில் ஆட்கள் எப்படியும் வெளியே வருகிற நாளைப் பிடியுங்கள்.

உட்காருவதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568-இல் கட்டிய பரதேசி ஜெப ஆலயத்துக்குப் போகிறவர்கள் நீலப் பூப்போட்ட தரை ஓடுகளைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால் வாசிக்கிற மேடை எங்கே இருக்கிறது என்று பாருங்கள். மண்டபத்தின் நடுவில் இருக்கும். சுற்றி உட்கார்ந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கலாம். வீட்டில் டீப்பாயை நடுவில் போட்டு நாற்காலியைச் சுற்றிப் போட்டால் போதும். வரிசையாகப் போட்டீர்களோ, முன்னால் இருப்பவர் பிரசங்கம் பண்ண ஆரம்பித்துவிடுவார்.

ஐந்து ஆகமங்களில் மொத்தம் 187 அதிகாரங்கள். யூதர்கள் அவற்றை 54 பகுதிகளாகப் பிரித்து ஒரு வருஷத்தில் முடிக்கிறார்கள். வாரத்துக்கு மூன்று நான்கு அதிகாரம் வரும். கூட்டத்தில் அவ்வளவும் வாசிக்க நேரம் இருக்காது. வீட்டில் வாசித்துவிட்டு வரச் சொல்லுங்கள், கூட்டத்தில் ஒரு பத்து வசனம் போதும். லேவியராகமம் 13-ஆம் அதிகாரத்தில், தோல் வியாதி வருகிற இடத்தில், ஆள் குறையும். 19-இல் வயலின் ஓரத்தை அறுக்காமல் ஏழைக்கு விடச் சொல்லும் சட்டம் இருக்கிறது, அதுவரை வாருங்கள் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள்.

இனி முக்கியமான வேலை, ஜோடி சேர்ப்பது. யூதர்கள் வேதத்தைத் தனியே படிப்பதை அவ்வளவாக விரும்புவதில்லை. இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து சத்தமாக வாசித்து, கேள்வி கேட்டு, சண்டை போட்டுப் படிப்பார்கள். இந்த ஜோடிக்கு ஹவ்ருதா என்று பெயர். ஒவ்வொரு வாரப் பகுதியையும் மூலத்தில் இரண்டு தடவை, அரமேய மொழிபெயர்ப்பில் ஒரு தடவை வாசிக்கும் வழக்கமும் உண்டு. நாங்கள் அதை இப்படி மாற்றிக்கொண்டோம்: பழைய திருப்புதலில் (பழைய தமிழ் வேதாகம மொழிபெயர்ப்பில்) இரண்டு தடவை, மூன்றாவது தடவை புத்தகத்தை மூடிவிட்டு நம்ம பேச்சில்.

ஆதியாகமம் 18 வந்த வாரம். தையல் வேலை செய்கிற ஒரு பெண்ணும் என் மதினியும் ஜோடி. இரண்டு தடவை வாசித்தார்கள். மூன்றாவது தடவை சொல்லும்போது அந்தப் பெண் நிறுத்திவிட்டாள்.

"எக்கா, கர்த்தர் வந்தார்னு இருக்கு. வந்து என்ன சொன்னார்னு இல்லியே?"

"அடுத்த வசனத்துல மூணு பேரு வந்து நிக்காங்கல்லா?"

"அது வேற. மொத வசனத்துல வந்தவரு சும்மாவா வந்தாரு?"

பிரான்சில் இருந்த ராஷி என்ற உரைகாரருக்கும் (1040–1105) இதே கேள்விதான். தல்மூத் என்ற பழைய யூத நூலை வைத்து அவர் பதில் சொல்கிறார்: முந்தின அதிகாரத்தில்தான் 99 வயது ஆபிரகாமுக்கு விருத்தசேதனம் நடந்தது, இது மூன்றாம் நாள், கர்த்தர் உடம்புக்கு எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வந்தார். இதை நான் அவர்களிடம் உடனே சொல்லவில்லை. நீங்களும் சொல்லாதீர்கள். உரையைக் கையில் வைத்திருக்கிறவர் கடைசிக் கால் மணி நேரம் வரை வாயைத் திறக்கக் கூடாது.

நோயாளியைப் பார்க்கப் போகிற வேலை அங்கேயிருந்துதான் தொடங்க வேண்டும், தனிக் கமிட்டி போட்டு அல்ல. பகலின் முதல் மூன்று மணி நேரமும் கடைசி மூன்று மணி நேரமும் நோயாளியிடம் போக வேண்டாம் என்று தல்மூத் சொல்கிறது. காலையில் வியாதி லேசாகத் தெரியும், நமக்கு ஜெபிக்கத் தோன்றாது. சாயங்காலம் கடுமையாகத் தெரியும், நம்பிக்கை போய்விடும். ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் பார்வையாளர் நேரம் வேறு கணக்கு. ஆனாலும் காலையிலேயே கூட்டமாகப் போய்க் கட்டிலைச் சுற்றி நிற்காதீர்கள்.

வராத ஆளை எப்படிக் கவனிப்பது? ஜெப ஆலயத்தில் சபையாகத் தோராவை வாசிக்கவும், துக்கத்தில் இருப்பவர் கதீஷ் என்ற ஜெபத்தைச் சொல்லவும் பத்துப் பேர் வேண்டும். பழைய முறையை விடாத சபைகளில் பதின்மூன்று வயது தாண்டிய ஆண்களை மட்டும் எண்ணுவார்கள், மற்ற பல சபைகளில் பெண்களையும் சேர்த்து. பத்தாவது ஆள் வராவிட்டால் ஒருவர் எழுந்து அவர் வீட்டுக்குப் போவார். வேறு வழியில்லை. நமக்குப் பத்து என்ற சட்டம் இல்லை, ஜோடி இருக்கிறது. ஜோடியில் ஒருவர் வரவில்லை என்றால் மற்றவர் அன்றைக்கே போன் போட வேண்டும், எடுக்கவில்லை என்றால் வீட்டுக்குப் போக வேண்டும். எங்கள் கூட்டத்தில் எழுதிவைத்த ஒரே விதி இதுதான்.

பணம் என்று வந்தால் கறாராக இருங்கள். பழைய யூத ஊர்களில் கூப்பா என்ற தர்மப் பெட்டி இருந்தது. அதற்குக் காசு வாங்க இரண்டு பேர் போக வேண்டும், பிரித்துக் கொடுக்க மூன்று பேர் உட்கார வேண்டும். நாங்கள் ஒரு பிஸ்கட் டின் வைத்திருக்கிறோம், அதே இரண்டு, மூன்று கணக்கு. யாருக்குக் கொடுத்தோம் என்பது அந்த மூன்று பேரைத் தாண்டாது. சும்மா கொடுப்பதைவிட, ஒருவர் சொந்தக் காலில் நிற்கும்படி கடனோ வேலையோ கொடுப்பதே தர்மத்தின் உச்சப்படி என்று மைமோனிடஸ் என்ற யூத அறிஞர் எழுதினார். வட்டியில்லாக் கடன் கொடுக்கிற கெமாக் என்ற ஏற்பாடும் அவர்களிடம் உண்டு. கந்துவட்டியைப் பற்றி நம் ஜில்லாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. சின்னத் தொகையில் தொடங்குங்கள். பணம் இல்லையென்றால் வாக்கர், தண்ணீர்ப் படுக்கை மாதிரிப் பொருள்களை இரவல் கொடுக்கலாம், கெமாக்கிலும் அது உண்டு.

துக்க வீட்டுக்குச் சாப்பாடு கொண்டுபோவது நமக்குப் புதிதில்லை. அவர்களும் அடக்கம் முடிந்து வந்ததும் முதல் சாப்பாட்டை அடுத்த வீட்டார் கையால்தான் கொடுக்கிறார்கள், முட்டையும் பருப்பும். நமக்குக் கஷ்டமானது வேறொன்று: துக்கப்படுகிறவர் பேசும்வரை வந்தவர் பேசக் கூடாது. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணிக்கு, பக்கத்தில் யார் இருந்தார்கள் என்று கேட்காமல் நம்மால் ஐந்து நிமிஷம் உட்கார முடியுமா? முயன்று பாருங்கள்.

தொடங்க ஆதியாகமம் வரும்வரை காத்திருக்க வேண்டாம். சிம்ஹத் தோரா பண்டிகையில் அவர்கள் உபாகமத்தின் கடைசி வசனத்தை வாசித்த கையோடு ஆதியாகமம் முதல் வசனத்தையும் வாசித்துவிடுவார்கள். வட்டத்தில் எங்கே ஏறினாலும் சரிதான். இந்த வாரப் பகுதி எது என்று யூத நாள்காட்டியில் பார்த்துக்கொண்டு, ஒரு ஜோடி கிடைத்தால் தொடங்கிவிடுங்கள். உடன்குடிக் கருப்பட்டிக் காப்பி போடுவதாக இருந்தால் வாசிப்பு முடிந்த பிறகு கொடுங்கள். முன்னாலேயே கொடுத்தால் பேச்சு நகை விலைக்குப் போய்விடும்.