ஊமையாகிப்போன குழல்

பழைய பைப் ஆர்கன் (காற்றூதிக் குழல்களை ஒலிக்கவைக்கும் பெரிய இசைக்கருவி) ஒன்றைப் பிரித்து, வேலூரில் எங்கள் ஆலயத்தில் பூட்டினோம். முகப்பில் நிற்கும் பெரிய குழல் ஒன்று மட்டும் ஊமை. காதை வைத்தால் மெல்லிய சீறல். துருத்தித் தோலை ஒட்டினேன், வால்வு ஸ்பிரிங்கை மாற்றினேன். நான்கு நாள் வீண்.

அப்புறம்தான் கவனித்தேன்: அதே கட்டையை (விரலால் அழுத்தும் சாவியை) அழுத்தினால் மற்ற ஸ்டாப்புகள், அதாவது மற்றக் குழல் வரிசைகள், நன்றாகவே ஒலித்தன. அந்தக் கட்டைக்கு எல்லாவற்றுக்கும் ஒரே வால்வு. சரி, வால்வில் குறையில்லை. இதன் முகப்புக் குழல்கள், மற்றவை போல, காற்றுப்பெட்டி மேல் நிற்பதில்லை. தனி ஈயக் குழாயில்தான் காற்று வரும். அதைக் கழற்றிப் பிரம்பு விட்டுக் குடைந்தேன் (தட்டினால் ஈயம் நசுங்கும்). குளவிக்கூட்டு மண் உதிர்ந்தது, கூடவே காய்ந்த சிலந்திகள். கொட்டகையில் மாதக்கணக்கில் வாய் திறந்து கிடந்த குழாய்.

மாட்டியதும் முழுக்குரல். மீதியையும் கழற்றினேன், இன்னும் இரண்டில் பாதிக் கூடு.