சின்னக் குழந்தைகளோடு கார் பயணம்: எந்த ஊருக்குப் போவது என்று முடிவு செய்வது எப்படி?

லீவு கிடைத்துவிட்டது, கார் இருக்கிறது. மலைக்குப் போகலாம் என்கிறார் ஒருவர், கடற்கரை என்கிறார் இன்னொருவர். இரண்டு இடங்களின் படங்களும் போனில் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் ஐந்து வயதுக்குக் குறைந்த குழந்தை வண்டியில் இருக்கும்போது, எந்த ஊர் அழகு என்பதைக் கடைசியில் பார்த்தால் போதும். முதலில் பார்க்க வேண்டியது, அந்த ஊருக்குப் போகிற பாதை. முதல்முறை திட்டமிடுகிறவர்கள் கீழே உள்ள வரிசையில் போனால் குழப்பம் குறையும்.

1. மூன்று ஊர்களோடு நிறுத்துங்கள்

மனதில் உள்ள ஊர்களை எல்லாம் எழுதி, அதில் மூன்றை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றும் மூன்று தூரத்தில் இருப்பது நல்லது: ஒன்று கிட்டத்தில், ஒன்று நடுத்தரத்தில், ஒன்று கொஞ்சம் தள்ளி. ஒரே தூரத்தில் உள்ள மூன்று ஊர்களை ஒப்பிட்டால் கடைசியில் மறுபடியும் படங்களைப் பார்த்துத்தான் முடிவெடுப்பீர்கள்.

2. கிலோமீட்டரை விடுங்கள், உண்மையான மணிக்கணக்கைப் போடுங்கள்

பெரும்பாலும் கோட்டை விடுவது இங்கேதான். மேப் '6 மணி நேரம்' என்று காட்டினால், அது எங்கேயும் நிற்காமல் ஓட்டினால் ஆகிற நேரம். குழந்தையோடு அது நடக்காது.

கணக்கை இப்படிப் போடுங்கள். ஓட்டும் நேரத்தில் இரண்டு மணிக்கு ஒரு முறை கட்டாயம் ஒரு நிறுத்தம். கார் சீட்டில் கைக்குழந்தையைத் தொடர்ந்து 2 மணி நேரத்துக்கு மேல் உட்கார வைக்க வேண்டாம் என்பதுதான் பொதுவாகச் சொல்லப்படும் பாதுகாப்பு ஆலோசனை. சாய்ந்த நிலையில் தலை முன்னால் கவிழ்ந்து மூச்சுப் பாதை குறுகலாம் என்பது அதற்குக் காரணம். பிறந்து சில வாரங்களே ஆன குழந்தைக்கு இந்த நேரம் இன்னும் குறைவு. அந்த வயதில் தூரப் பயணம் தேவையா என்பதை மருத்துவரிடம் கேட்டுவிடுங்கள்.

ஆக, 6 மணி நேரப் பாதையில் ஒரு அரை மணி நிறுத்தம், சாப்பாட்டுக்கு ஒரு மணி, திடீரென்று 'சூசூ வருது' என்று நிற்கிற நிறுத்தங்கள் இரண்டு, தலா கால் மணி. மொத்தம் 8 மணி நேரம். அதுவும் யாரும் வாந்தி எடுக்காவிட்டால்.

இப்போது அதைக் குழந்தை விழித்திருக்கும் நேரத்தோடு வைத்துப் பாருங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் 2019 வழிகாட்டுதல்படி, 1 முதல் 2 வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கத்தையும் சேர்த்து ஒரு நாளில் 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் தேவை. 3, 4 வயதில் 10 முதல் 13 மணி. மீதி சுமார் 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு ராத்திரி மட்டும் தங்கும் இரண்டு நாள் பயணத்தில் கையில் உள்ளது 24 மணி நேரம். போக 8, வர 8. ஊரில் கழிக்க மிஞ்சுவது 8. எவ்வளவு அழகான ஊராக இருந்தாலும் இது கட்டுப்படியாகாது.

என் அளவுகோல் இதுதான்: விழித்திருக்கும் நேரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காருக்குப் போனால் அந்த ஊரை அடித்துவிடுவேன். நான்கில் ஒரு பங்குக்குள் இருந்தால் நிம்மதி.

'ராத்திரியே கிளம்பிவிடலாம், குழந்தைகள் தூங்கிவிடுவார்கள்' என்று யாராவது கட்டாயம் சொல்வார்கள். குழந்தைகள் தூங்குவார்கள், சரி. ஓட்டுகிறவருக்கும் தூக்கம் வருமே! நள்ளிரவு தாண்டி விடியும் வரைக்கும், அப்புறம் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும்தான் கண் அதிகம் சொக்கும். குழந்தையின் பகல் தூக்கமும் அதே மதிய நேரத்தில்தான் வந்து தொலைக்கிறது. இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்ட முடியாவிட்டால், விடிந்ததும் கிளம்பி மதியத்துக்குள் போய்ச் சேரக்கூடிய ஊருக்கே முதலிடம் கொடுங்கள்.

இன்னொன்று: கூகுள் மேப்ஸில் கிளம்பும் நேரத்தைக் குறித்துத் தேடும் வசதி இருக்கிறது. இப்போது காட்டுகிற நேரத்தை நம்பாமல், நீங்கள் கிளம்பப்போகிற கிழமையையும் நேரத்தையும் போட்டுப் பாருங்கள். திரும்பி வரும் நாளுக்கும் தனியாகப் பாருங்கள். லீவு முடிகிற சாயங்காலம் எல்லோரும் ஒரே ரோட்டில்தான் திரும்புவார்கள்.

3. ரோடு எப்படிப்பட்டது?

நேர் ரோட்டில் 4 மணி நேரமும் வளைவு ரோட்டில் 4 மணி நேரமும் குழந்தைக்கு ஒன்றல்ல. வண்டி ஆடுவது உட்காதுக்குத் தெரிகிறது; கண்ணுக்கு முன்னால் இருப்பதோ அசையாத முன் சீட்டின் முதுகு. இந்த இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டல். உயரம் குறைந்த குழந்தைக்கு ஜன்னல் வழியே தூரத்தைப் பார்க்க முடியாது என்பதால் தொல்லை இன்னும் அதிகம். கையில் போனைக் கொடுத்தால் பார்வை அதிலேயே நின்று விஷயம் மோசமாகும்.

பலருக்குத் தெரியாத ஒன்று: இரண்டு வயதுக்குள் இந்தக் குமட்டல் அரிது. அதற்கு மேல்தான் தொடங்கி, பள்ளிப் பருவத்தில் உச்சத்துக்குப் போகிறது. 'போன தடவை மலைக்குப் போனோமே, ஒன்றும் ஆகவில்லையே' என்பது, குழந்தைக்கு அப்போது ஒரு வயது என்றால், இப்போது செல்லாது. பட்டியலில் மலை இருந்தால், அதற்கு முன் உள்ளூரிலேயே வளைவான ரோடு ஒன்றில் ஒரு மணி நேரம் ஓட்டிப் பாருங்கள். வாந்தி மருந்து கொடுப்பதாக இருந்தால் குழந்தைகள் மருத்துவரைக் கேட்டுவிட்டுத்தான். பெரியவர்கள் மாத்திரையைப் பாதியாக உடைத்துக் கொடுக்கும் வேலை வேண்டாம்.

மலையில் உயரத்தையும் பாருங்கள். ஒவ்வொரு 1,000 மீட்டருக்கும் வெப்பம் சுமார் 6.5 டிகிரி இறங்கும். அடிவாரத்தில் 32 டிகிரி என்றால், 2,000 மீட்டர் மேலே 19 டிகிரிதான். ராத்திரி இன்னும் குளிரும். 2,500 மீட்டருக்கு மேலே உயர நோய் வரக்கூடும். தலைவலி என்று சொல்லத் தெரியாத குழந்தை, சும்மா அழுது சாப்பாட்டைத் தள்ளும். அதை வெறும் அடம் என்று நினைத்துவிடுவோம். அவ்வளவு உயரத்தில் ராத்திரி தங்க வேண்டிய ஊரை, பேச்சு நன்றாக வரும் வயது வரை தள்ளிப்போடுவது என் விருப்பம். இறங்கும்போது காது அடைத்து வலிக்கும். அந்த நேரத்தில் பால் குடிக்க வைத்தாலோ தண்ணீரை உறிஞ்சச் சொன்னாலோ காது திறந்துகொள்ளும்.

ரோட்டோரத்தில் நிற்க இடம் இருக்கிறதா என்பதையும் மேப்பில் பெரிதாக்கிப் பாருங்கள். சுத்தமான டாய்லெட், டயப்பர் மாற்ற ஒரு மேடை, பிள்ளைகள் ஓட நாலடி இடம். ஒரு மணி நேரத்துக்கு இவை எதுவுமே இல்லாத பாதை என்றால் அந்த ஊருக்கு மார்க்கைக் குறையுங்கள்.

4. போய்ச் சேர்ந்த பிறகும் காரிலேயே இருக்கப்போகிறீர்களா?

சில ஊர்களில் தங்குமிடம் ஒரு மூலை, பார்க்க வேண்டிய இடம் இன்னொரு மூலை. பாதை கிட்டம் என்று தேர்ந்தெடுத்துவிட்டு, தினமும் காலையில் முக்கால் மணி, சாயங்காலம் முக்கால் மணி மறுபடியும் கார் சீட்டில் கட்டிவைத்தால் என்ன பயன்? தங்குமிடத்திலிருந்து நடந்தே போகக்கூடிய ஒரு இடமாவது இருக்க வேண்டும். அது சாதாரணப் பூங்காவாக இருந்தாலும் போதும்.

5. அங்கே குழந்தைக்கு என்ன இருக்கிறது?

காட்சி முனை, பழைய கோட்டை, சூரிய அஸ்தமனம் எல்லாம் நமக்கு. மூன்று வயதுக்குத் தேவை மண், தண்ணீர், மிருகம், ஏறி இறங்க ஏதாவது ஒன்று. இதில் இரண்டு கிடைக்கும் ஊரா என்று பாருங்கள்.

தண்ணீர் என்றால் எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். இழுப்பு உள்ள கடலும், மேலே எங்கோ மழை பெய்தால் சட்டென்று பெருகும் ஆறும் அருவியும் சின்னக் குழந்தைக்கு ஆகாது. மூழ்கும் குழந்தை சத்தமே போடாது. சில சென்டிமீட்டர் ஆழமே போதும் ஆபத்துக்கு. அதனால் ஆழமில்லாத, நிழல் உள்ள கரையா, கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர் எப்போதும் நிற்க முடியுமா என்று யோசித்துக்கொள்ளுங்கள். 6 மாதத்துக்குள் உள்ள குழந்தையை நேர் வெயிலில் வைக்கவே கூடாது. நிழல் இல்லாத கடற்கரை அந்த வயதில் பட்டியலிலிருந்து தானாகவே போய்விடும்.

6. போன் போட்டுக் கேட்க வேண்டியவை

தங்குமிடத்துக்குப் பேசும்போது மூன்று விஷயம் கேளுங்கள்: தரைத்தளத்தில் அறை உண்டா, பால்கனிக் கம்பிகளின் இடைவெளி எவ்வளவு (10 செ.மீ.க்கு மேல் என்றால் வேண்டாம்), கடைசி நேரத்தில் குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் பணம் திரும்புமா. ராத்திரியிலும் திறந்திருக்கும் மருத்துவமனை எவ்வளவு தூரம் என்பதை நீங்களே மேப்பில் பார்த்துவிடுங்கள்.

7. இப்போது முடிவு

ஒரு உதாரணம். 4 வயது ஒன்று, 14 மாதம் ஒன்று. இரண்டு ராத்திரி தங்கும் பயணம். மூன்று நாளில் விழித்திருக்கும் நேரம் 36 மணி. மலைக்கு நிறுத்தங்களோடு ஒரு பக்கம் 8 மணி நேரம், போய்வர 16. கிட்டத்தட்ட பாதி, கடைசி ஒன்றரை மணி நேரம் முழுக்க வளைவு. வெட்டிவிடலாம். கடற்கரைக்கு ஒரு பக்கம் 6, போய்வர 12. சரியாக மூன்றில் ஒன்று, எல்லைக்கோட்டில் நிற்கிறது. ஏரிக்கரை ஊருக்கு ஒரு பக்கம் 3, போய்வர 6. ஆறில் ஒன்று.

ஏரிதான் விடை என்று தோன்றும். ஆனால் ஏரிக்கரையில் அறை கிடைக்காமல் 40 நிமிடம் தள்ளித் தங்க வேண்டியிருந்தால் அந்தச் சாதகம் கரைந்துவிடும். கடற்கரைக்கோ இன்னொரு நாள் லீவு சேர்ந்தால் 48 மணி நேரத்தில் 12, அதாவது நான்கில் ஒன்று. அப்போது அது நல்ல தேர்வு. எனவே ஊரைத் தனியாக முடிவு செய்யாதீர்கள், எத்தனை ராத்திரி என்பதோடு சேர்த்தே முடிவு செய்யுங்கள்.

இரண்டு ஊர்கள் சமமாக நின்றால், அப்போதுதான் 4 வயதுக்காரரைக் கூப்பிட வேண்டும். 'எங்கே போகலாம்?' என்று பொதுவாகக் கேட்டால் பதில் நிலாவாகக்கூட இருக்கலாம். 'மணல் வீடு கட்டலாமா, வாத்துக்குத் தீனி போடலாமா?' என்று கேளுங்கள். அவர் சொல்கிற ஊருக்கு அறையைப் பதிவு செய்துவிடுங்கள்.