சென்னைக்கு வரும் நம் ஊர்க்காரருக்கு: சைக்கிள் வாங்கும் முன் டயரைப் படியுங்கள்

யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து வளசரவாக்கத்தில் வீடும் பிடித்தாயிற்றா? சரி. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்த 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் (எஃப்ஆர்ஆர்ஓ) பதிவு செய்துவிடுங்கள். வெளிநாட்டவர் தங்குவதை வீட்டுக்காரர் அரசுக்குத் தெரிவிக்கும் படிவம் (முன்பு ஃபார்ம் சி) பற்றி அவரிடம் கேளுங்கள். சைக்கிளுக்குப் பதிவும் இல்லை, லைசென்சும் இல்லை. பில்லைப் பத்திரப்படுத்தினால் போதும்.

போர் நாட்களில், பொருளாதாரத் தடைக் காலத்தில் விறகு, மூட்டை, பிள்ளை குட்டி எல்லாவற்றையும் சைக்கிளில் ஏற்றி ஓடியவர்கள் நாம். இதில் நமக்கு என்ன சொல்லித்தர இருக்கிறது என்று தோன்றும். என் மச்சானுக்கும் அப்படித்தான். தினமும் வேலைக்கும், லீவு நாளில் தூரப் பயணத்துக்கும் ஒரே சைக்கிள் என்று கடையில் பளபளப்பான ஒன்றைக் காட்டினார்கள். டயர் கிடைக்குமா என்று கேட்டான். “28 இன்ச் சார், எங்கேயும் கிடைக்கும்.”

மாமல்லபுரம் போகும் வழியில், கோவளம் தாண்டி, ஈசிஆர் எனும் கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்துக் குழியில் விழுந்து டயரின் பக்கவாட்டு கிழிந்தது. பங்க்சர் கடைக்காரர் 28×1½ டயர் ஒன்றை எடுத்து மாட்டினார். ரிம்மில் தொளதொளவென்று ஆடியது. காற்றடித்ததும் ட்யூப் வெளியே பிதுங்கியது. “அண்ணை, இதுவும் 28 தானே?” என்றான் மச்சான். “நம்பர் ஒண்ணுதான் சார், ரிம் வேற.” குட்டியானை என்று இங்கே சொல்லும் சின்ன லாரியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுவந்தோம். அந்த வாடகைக்கு நல்ல டயரே இரண்டு வாங்கியிருக்கலாம்.

டயரின் பக்கத்தில் பொடி எழுத்தில் 40-635 என்பது போல ஒன்று இருக்கும். முன்னது அகலம், பின்னது டயர் ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மில்லிமீட்டரில். பால்காரர் ஓட்டும் பழைய பெரிய சைக்கிளுக்கு 635. மச்சான் வாங்கிய 700சி ரகத்துக்கு 622. இடையில் 13 மில்லிமீட்டர்தான், ஆனால் சேரவே சேராது. 26 இன்ச்சிலும் இதே கூத்து: எம்டிபி எனும் மலைச் சைக்கிள் ரகத்துக்கு 559, லேடீஸ் சைக்கிளின் 26×1⅜-க்கு 590. கடையில் சொல்லும் இன்ச்சை விடுங்கள், குனிந்து அந்த எண்ணைப் பாருங்கள். பள்ளிப் பிள்ளைகள் ஓட்டுவதால் 559 சின்ன ஊரிலும் கிடைக்கும். என் தேர்வு அதுதான். 622-தான் பிடித்திருக்கிறது என்றால் மடிக்கும் டயர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

முன்பக்க ஷாக் வேண்டவே வேண்டாம். மலிவான ஷாக்கில் மழைத்தண்ணீரும் பெசன்ட் நகர் உப்புக்காற்றும் புகுந்தால் துருப்பிடித்து இறுகிவிடும். முன்சக்கரத்தைப் பிடிக்கும் கவை, அதாவது ஃபோர்க், நேரான இரும்பாக இருந்தாலே போதும். ரிம் மட்டும் அலுமினியமாக இருக்கட்டும். குரோம் பூசிய இரும்பு ரிம் நனைந்தால் பிரேக் கட்டை வழுக்கும், ஊரிலேயே பட்டிருப்பீர்கள். மட்கார்டும் கேரியரும் முறுக்க அச்சுப் பக்கத்தில் ஓட்டை இருக்கிறதா பாருங்கள். மட்கார்டு இல்லாமல் விற்பதுதான் இப்போது நாகரிகமாம்! முதுகெல்லாம் சேற்றோடு ஆபீசில் போய் உட்காருபவனுக்குத்தான் தெரியும்.

பெருமழை இங்கும் நம் ஊர் மாதிரி அக்டோபரில் தொடங்கி டிசம்பர் வரைதான். ஆனால் தண்ணீர் வடியாது. 2015-லும் 2023-லும் டிசம்பரில் ஊரே மிதந்தது. தேங்கிய தண்ணீரில் ஓட்டாதீர்கள், மூடியில்லாத பாதாளச் சாக்கடை எங்கே இருக்கும் என்று தெரியாது. தள்ளிக்கொண்டு வரும்போது ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்) முழுகிவிட்டதென்றால் ஓவராயிலிங் கொடுங்கள், அதாவது கழற்றித் துடைத்துப் புது கிரீஸ் போடச் சொல்லுங்கள். கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போய்விடாதீர்கள். பக்கத்தில் ஆள் இல்லையென்றால் உள்ளிருக்கும் பால்ஸை (இரும்புக் குண்டுகளை) துடைக்காமலே மேலே புது கிரீஸை அப்பிவிடுவார்கள்.