டெல்லியிலிருந்து ஊருக்கு: கோடை விடுமுறையின் சுகத்தைப் புறப்படும் முன்பே கெடுத்துக்கொள்ளும் தவறுகள்

நெதர்லாந்தில் 1,530 பேரிடம் நடத்திய ஓர் ஆய்வு 2010ல் வெளியானது. விடுமுறைக்குப் போகவிருந்தவர்கள், எங்கும் போகாதவர்களைவிடப் புறப்படுவதற்கு முன்பே அதிக சந்தோஷமாக இருந்தார்கள். திரும்பி வந்த பிறகோ, மிக நிம்மதியாக விடுமுறையைக் கழித்தவர்களைத் தவிர மற்றவர்களுக்கும் போகாதவர்களுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஊருக்குப் போகும் குடும்பங்களுக்கு இது ஒன்றும் புதுச் செய்தி அல்ல. மார்ச் மாதத்திலேயே "இந்த வருஷம் மாங்காய் எப்படி?" என்று தாத்தாவிடம் போனில் கேட்கத் தொடங்கும் பிள்ளைக்கு விடுமுறை அன்றே ஆரம்பித்துவிட்டது.

அந்தக் காத்திருப்பைக் கெடுப்பது நாள் அதிகமாக இருப்பது அல்ல. போவோமா மாட்டோமா என்ற இழுபறிதான் கெடுக்கிறது. டெல்லித் தமிழர்கள் வாழும் மயூர் விஹாரிலும் ராமகிருஷ்ணபுரத்திலும் கரோல் பாகிலும் வருடாவருடம் திரும்பத் திரும்ப நடக்கும் தவறுகளில் பாதி இந்த இழுபறியில் இருந்து வருபவை.

ஜூன் மாதத்தை நம்பி இருப்பது

டெல்லி அரசுப் பள்ளிகளுக்குக் கோடை விடுமுறை மே 11 வாக்கில் தொடங்கி ஜூன் 30 வரை. பெரும்பாலான தனியார் பள்ளிகளும் ஏறக்குறைய அப்படித்தான். தமிழ்நாட்டில் ஏப்ரல் கடைசியிலேயே லீவு விட்டு, ஜூன் முதல் பாதியில் பள்ளி திறந்துவிடுவார்கள். ஆக, நம் பிள்ளைகளும் ஊரில் இருக்கும் அத்தை, மாமா பிள்ளைகளும் சேர்ந்து இருக்கக் கிடைப்பது மூன்று வாரம், மிஞ்சிப் போனால் நாலு. "ஜூனில் டிக்கெட் சுலபமாகக் கிடைக்கும்" என்று ஜூன் 8ஆம் தேதிக்குப் போடுகிறவர்கள் இதைக் கவனிப்பதில்லை. போய் இறங்கிய மறுநாள் காலை வீட்டில் எல்லோரும் சீருடை போட்டுக்கொண்டு கிளம்ப, டெல்லிப் பிள்ளை மட்டும் திண்ணையில் உட்கார்ந்திருக்கும்.

மே மாதத்தில் அக்னி நட்சத்திரம் என்பது உண்மை. மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை வெயில் கொளுத்தும். ஆனால் டெல்லியின் லூ என்ற அனல் காற்றில் 44, 45 டிகிரி பார்த்தவர்களுக்கு அது பெரிய தடை இல்லை. பகல் பதினொன்றிலிருந்து நாலு வரை வெளியே எதையும் வைத்துக்கொள்ளாவிட்டால் போதும். நுங்கும் மாம்பழமும் நன்றாகக் கிடைப்பது அப்போதுதான்.

ஜூன்தான் முடியும் என்றால் திட்டத்தை மாற்றுங்கள். அந்த மாதத்துக்குக் குற்றாலச் சாரல் இருக்கிறது. உறவுக்காரப் பிள்ளைகளுக்கு சனி, ஞாயிறை ஒதுக்கிவிட்டு, வார நாட்களைப் பெரியவர்களோடு கழியுங்கள். ஊட்டியோ கொடைக்கானலோ சேர்த்துக்கொள்வதானால், காரிலோ வேனிலோ போகிறவர்களுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம். அதையும் புறப்படும் முன்பே எடுத்துவிடுங்கள்.

டிக்கெட்டில் நடக்கும் கூத்து

ரயிலில் முன்பதிவு இப்போது 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கும். 120 நாள் என்பது 2024 நவம்பர் 1 முதல் போய்விட்டது. பழைய கணக்கிலேயே இருப்பவர்கள் இன்னும் உண்டு. ஜனவரியில் தேடிப் பார்த்து, ஒன்றும் காட்டவில்லை என்று அப்படியே விட்டுவிடுகிறார்கள். பயண நாளைச் சேர்க்காமல் 60 நாள் எண்ண வேண்டும். மே 17ஆம் தேதி புறப்பட மார்ச் 18 காலை 8 மணி. அது ஆண்டுத் தேர்வு நடக்கும் நேரம், மறந்துபோகும். இன்றே காலண்டரில் குறித்துவிடுங்கள்.

ஊரில் இருந்து திரும்பும்போது ஒரு சின்ன சூட்சுமம் உண்டு. முன்பதிவு நாள், ரயில் தன் முதல் நிலையத்தில் புறப்படும் தேதியை வைத்துத்தான் கணக்கிடப்படும், நீங்கள் ஏறும் தேதியை வைத்து அல்ல. முதல் நாள் மாலை கிளம்பும் ரயிலில் நீங்கள் நள்ளிரவு தாண்டி வழியில் ஏறுவதாக இருந்தால், உங்கள் கணக்குக்கு ஒரு நாள் முன்பே கதவு திறந்திருக்கும். மறுநாள் எழுந்து உட்காருகிறவருக்கு வெயிட்டிங் லிஸ்ட்தான்.

அதைவிடப் பெரிய தவறு, போக மட்டும் போட்டுவிட்டுத் திரும்புவதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவது. ஜூலை 1ஆம் தேதி பள்ளி திறக்கிறது என்றால் ஜூன் கடைசி வாரத்தில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ், ஜி.டி., திருக்குறள், சம்பர்க் கிராந்தி எல்லாவற்றிலும் கூட்டம் முட்டும். ஜூன் 28க்கு ஏப்ரல் 29 அன்று காலையிலேயே உட்கார வேண்டும். திரும்பும் டிக்கெட் கையில் இல்லாத குடும்பம் ஊரில் இருக்கும் நாளெல்லாம் போனில் பி.என்.ஆர். பார்த்துக்கொண்டே இருக்கும். தத்காலை நம்பலாமே என்றால், ரயில் புறப்படும் நிலையக் கணக்குப்படி முதல் நாள் ஏ.சி.க்கு 10 மணி, ஸ்லீப்பருக்கு 11 மணி. ஐந்து பேருக்குச் சேர்ந்து கிடைப்பது அதிர்ஷ்டம். உங்கள் ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதாரை முன்கூட்டியே இணைத்து வைத்திருக்கவும் வேண்டும்.

பாட்டியோ தாத்தாவோ உடன் வந்தால் ஆறு பேரையும் ஒரே டிக்கெட்டில் அடைக்காதீர்கள். மூத்த குடிமக்களுக்கான கீழ் பெர்த் ஒதுக்கீடு 60 வயதான ஆண்களுக்கும் 45 வயதான பெண்களுக்கும் உண்டு. ஆனால் அவர் தனியாகவோ, அதே தகுதியுள்ள இரண்டு பேர் மட்டுமாகவோ ஒரு டிக்கெட்டில் இருந்தால்தான். பேரப்பிள்ளைகளோடு சேர்த்துப் போட்டால் அந்த ஒதுக்கீடே பொருந்தாது. பாட்டிக்கு நடு பெர்த் விழுந்து, ராத்திரி பத்து மணிக்கு யாரிடமாவது கெஞ்ச வேண்டி வரும்.

இன்னொன்று, 5 முதல் 11 வயதுப் பிள்ளைக்குப் பெர்த் வேண்டாம் என்றால் பாதிக் கட்டணம்; பெர்த் கேட்டால் முழுக் கட்டணம். சென்னைக்கு இரண்டு இரவும் ஒரு பகலும் போக வேண்டும். இங்கே மிச்சம் பிடிக்காதீர்கள். பத்து வயதுப் பையனின் காலை மடியில் வைத்துக்கொண்டு விடிய விடிய உட்கார்ந்து வந்த அம்மா, அடுத்த இரண்டு நாளுக்கு யாரிடமும் சிரித்துப் பேச மாட்டார்.

பிள்ளைகளிடம் கடைசி நிமிடத்தில் சொல்வது

"சர்ப்ரைஸாக இருக்கட்டும்" என்று முதல் நாள் ராத்திரி சொல்பவர்கள் பிள்ளைக்கு நல்லது செய்வதாக நினைக்கிறார்கள். ஒரு கணத்துக் குதூகலத்துக்காக ஆறு வாரத்து எதிர்பார்ப்பைப் பறித்துவிடுகிறார்கள். டிக்கெட் உறுதியானதும் சொல்லிவிடுங்கள். உறுதியாகும் முன் சொல்லாதீர்கள். நாலு வயதுக்குக் குறைந்த குழந்தைக்கு வாரக் கணக்கு புரியாது. "எப்போ? நாளைக்கா?" என்று தினமும் கேட்டு அழும். அதற்கு ஒரு வாரம் முன்பு போதும்.

பெரிய பிள்ளைகளுக்கு வீட்டில் மாட்டியிருக்கும் தினசரி காலண்டரே போதும். புறப்படும் நாளின் தாளைத் தேடி எடுத்து ஓரத்தில் மஞ்சள் தடவி வைத்துவிடுங்கள். தினமும் காலையில் தாள் கிழிக்கும் வேலை பிள்ளையுடையது. அடுக்கின் பக்கவாட்டில் மஞ்சள் கோடு தெரியும், அது நாளுக்கு நாள் மேலே வரும். எந்தச் செயலியும் இவ்வளவு நன்றாக வேலை செய்வதில்லை என்பது எங்கள் கருத்து.

வழியையும் முன்பே சொல்லி வையுங்கள். தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் போனால் மறுநாள் காலையில் போபால் தாண்டி ஒரு மணி நேரம் வாக்கில், மலைச்சரிவு இறங்கியதும் நர்மதை பாலம் வரும். இடார்சிக்கு அப்புறம் சாத்புரா மலையில் சுரங்கப்பாதைகள். பகலில் நாக்பூர். கிருஷ்ணா நதி வரும்போது தூங்கிக்கொண்டிருப்பார்கள். "நர்மதை வந்தா எழுப்புங்கப்பா" என்று சொல்லிவிட்டுப் படுக்கும் பிள்ளைக்கு ரயிலில் போரடிக்காது. நதியில் காசு போட ஒரு ரூபாய் நாணயம் கேட்பார்கள், ஏ.சி. பெட்டியில் ஜன்னல் திறக்காது என்பதையும் முன்பே சொல்லிவிடுங்கள்.

கட்டுச்சோறு

ரயில் சாப்பாடு கிடைக்கிற காலத்தில் கட்டுச்சோறு எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. புறப்படும் நாள் காலை வீட்டில் புளிக்காய்ச்சல் கொதிக்கும் மணம் வருகிறதே, பிள்ளைகளுக்கு ஊர் வந்துவிட்டது என்று அதுதான் சொல்கிறது. ஆனால் மே மாத டெல்லியில் தவறாகக் கட்டினால் வயிறு கெடும்.

முதல் இரவுக்கு இட்லி. ஆளுக்கு நாலு. சூட்டோடு பொடி தடவி டப்பாவை மூடுவதுதான் எல்லோரும் செய்யும் தவறு. ஆவி மூடியில் முட்டித் தண்ணீராய்ச் சொட்டும், சாப்பிடும்போது இட்லி பிசுபிசுக்கும். தட்டில் பரப்பி முழுவதும் ஆறவிட்டு, நாலு இட்லிக்கு ஒன்றரை மேசைக்கரண்டி மிளகாய்ப்பொடி, ஒரு மேசைக்கரண்டி நல்லெண்ணெய் குழைத்து இரண்டு பக்கமும் தடவுங்கள். தேங்காய்ச் சட்னி கூடவே கூடாது.

மறுநாள் பகலுக்குப் புளியோதரை. காய்ச்சல் ஓரத்தில் எண்ணெய் பிரிந்து மினுங்கும் வரை கொதிக்க வேண்டும். தண்ணீர் நின்றுவிட்டால் சாதம் மதியத்துக்குள் நொசநொசக்கும். சாதத்தை உதிரியாக வடித்து, அகலத் தட்டில் கொட்டி, கொஞ்சம் நல்லெண்ணெய் விட்டு, கை வைத்தால் சூடு தெரியாத அளவுக்கு ஆறிய பிறகே கலக்க வேண்டும். கடலையைத் தனியாகப் பொட்டலம் கட்டி சாப்பிடும்போது தூவினால் நமுத்துப்போகாது.

தயிர்சாதம் முதல் இரவுக்கு மட்டும். ஒரு கப் அரிசியைக் குழைய வேகவைத்து, காய்ச்சி ஆறிய பால் இரண்டு கப், தயிர் ஒரே ஒரு மேசைக்கரண்டி. மதியம் கலந்தால் இரவுக்குள் அதுவே உறைந்து பதமாக இருக்கும். தயிரையே ஊற்றிப் பிசைந்தால் ஆக்ரா வருவதற்குள் புளித்துவிடும். மிச்சமானதை மறுநாளைக்கு வைக்காதீர்கள், கொட்டிவிடுங்கள்.

வீட்டைப் பூட்டுவது

இதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கேஸ் ரெகுலேட்டர், கீசர் சுவிட்ச், பால்காரர், பேப்பர்காரர். கூலரில் தண்ணீரை இறக்கித் துடைத்துக் காயவைப்பதை மட்டும் பலர் மறக்கிறார்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு வளரும். எல்லாவற்றையும் புறப்படும் முன்தினமே முடித்துவிட்டால், பரிதாபாத் தாண்டும்போது "கேஸை மூடினோமா?" என்ற கேள்வி வராது.

ஹாலிடே ஹோம்வொர்க்கும் வீடு பூட்டுவது போலத்தான். டெல்லிப் பள்ளிகள் கொடுக்கும் மூட்டையைத் திரும்பி வந்து பார்க்கலாம் என்று விட்டால் கடைசி வாரம் அழுகைதான். எழுத்து வேலையை லீவு விட்ட முதல் வாரத்தில் முடித்துவிட்டு, ஊருக்கு ஒரே ஒரு நோட்டு கொண்டுபோங்கள்.

ஊரில் நாட்களை நிரப்பிவிடுவது

முதல் நாள் யார் வீட்டுக்கும் போகாதீர்கள். ரயில் அலுப்போடு மூன்று வீட்டில் காபி குடித்தால் நாலாவது வீட்டில் பிள்ளை முகத்தைத் தூக்கும், "வடக்கே போய் மரியாதையே தெரியலை" என்று பேச்சு வரும். ஒரு நாளைக்கு ஒரு வீடு போதும். போகவில்லை என்றால் கோபித்துக்கொள்வார்கள் என்ற பயம் எல்லோருக்கும் உண்டு. புறப்படும் முன்பே போன் செய்து "பெரியம்மா, இந்தத் தேதியில் வருகிறோம்" என்று சொல்லிவிட்டால், தாமதமாகப் போனாலும் குறை இருக்காது. அவர்களும் எதிர்பார்த்துக் காத்திருப்பார்கள், எதிர்பார்ப்பு நமக்கு மட்டும் சொந்தம் இல்லையே.

அம்மா வீட்டில் எத்தனை நாள், மாமியார் வீட்டில் எத்தனை நாள் என்பதை டெல்லியிலேயே பேசி முடித்துவிடுங்கள். ஊரில் போய்ப் பேசினால் அது இரண்டு பேர் விஷயமாக இருக்காது.

போட்டோ எடுப்பதிலும் ஒரு கணக்கு இருக்கிறது. அருங்காட்சியகத்தில் வெறுமனே பார்த்த பொருட்களைவிட, போட்டோ எடுத்த பொருட்கள் குறைவாகவே நினைவில் இருந்தன என்று உளவியல் ஆய்வாளர் லிண்டா ஹென்கல் 2014ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. ஆனால் ஒரு பகுதியை மட்டும் நெருங்கி எடுத்த பொருட்களில் அந்தக் குறை இல்லை. எனவே கோபுரம் முழுவதையும் நாற்பது படம் எடுப்பதைவிட, பாட்டி நுங்கைக் கட்டைவிரலால் நோண்டும் கையை ஒரு படம் எடுத்துவிட்டுப் போனைப் பையில் போடுங்கள்.

கடைசி இரண்டு நாள்

ஓர் அனுபவத்தை நாம் நினைவில் வைத்துக்கொள்வது அதன் உச்சத்தையும் முடிவையும் வைத்துத்தான், எவ்வளவு நேரம் நீடித்தது என்பதை வைத்து அல்ல என்று உளவியலாளர் டேனியல் கானெமான் 1990களில் காட்டினார். நம்மவர்களோ கடைசி இரண்டு நாளில்தான் அப்பளம், வடாம், காபிப்பொடி, துணிக்கடை, விட்டுப்போன உறவினர் எல்லாவற்றையும் திணிப்பார்கள். கடை வேலையை நடு வாரத்திலேயே முடியுங்கள். கடைசிக்கு முந்தின நாளை, பிள்ளைகள் மிகவும் விரும்பியதை இன்னொரு முறை செய்வதற்கு வைத்துக்கொள்ளுங்கள். பம்புசெட்டில் குளிப்பதோ, மொட்டைமாடியில் படுப்பதோ எதுவாகவும் இருக்கட்டும்.

பள்ளி திறப்பதற்கு இரண்டு நாள் முன்பு டெல்லி வந்து சேர்வது போல டிக்கெட் போடுங்கள். மாம்பழம் கொண்டுவருவதானால் பழுத்ததை வாங்காதீர்கள், இரண்டு இரவில் ரயிலிலேயே கனிந்து ஒழுகிவிடும். செங்காயாகப் பார்த்து, ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, ஓட்டை போட்ட அட்டைப்பெட்டியில் இரண்டு அடுக்குக்கு மேல் போகாமல் வையுங்கள். மேலே எதையும் ஏற்றக் கூடாது. வீடு வந்ததும் பெட்டியைத் திறந்து அடி அடுக்கை முதலில் பாருங்கள். நசுங்கியது இருந்தால் அங்கேதான் இருக்கும். அதை அன்றே சாப்பிட்டுவிடுங்கள். மற்றவை பள்ளி திறந்த முதல் வாரத்து டிபன் டப்பாவுக்கு ஆகும்.